ஐடிலிங்

பாகப்பிரிவினையில் ஹெரால்டு எனக்கு வந்தது.
வீட்டில் மாடி தம்பிக்கு, கீழ்ப்பகுதி எனக்கு.
பானெட்டைத் திறந்தால்
கார்ப்பரேட்டர் இருந்த இடத்தில்
சுருட்டி அடைத்த ஒரு பனியன் துணி.

"கார்னுதானே பத்திரத்துல இருக்கு,
உள்ள என்னென்னன்னு எழுதலையே"
என்றான் பெலிக்ஸ், படியில் நின்றபடி.
பேசியது அதுதான் கடைசி.

ஞாயிறு காலை புதுப்பேட்டை.
சந்துக்குள் காலை வைக்குமுன் நாலு பேர்:
"என்ன வண்டிக்கா?"
ஹெரால்டு என்றேன்.
ஒரு பையன் போனில் தேடிப் பார்த்தான்,
"அழகா இருக்கேக்கா" என்றான்,
அதற்குமேல் அவனிடம் ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரம்தான் பீரான் கடை.
சாய்த்து வைத்த கதவுகளுக்குப் பின்னால்
தகர டின்னில் மண்ணெண்ணெய்,
மண்ணெண்ணெயில் நாற்பது பித்தளை ஜெட்டு,
கம்மல் திருகாணிகள் மாதிரி.
எல்லாவற்றிலும் எண் தேய்ந்திருந்தது.
என் பையில் அறுந்த கித்தார் கம்பிகள் இருந்தன,
பெலிக்ஸ் வாசித்துத் தூக்கிப் போட்டவை.
தடித்த கம்பி உரசாமல் போனால் துளை பெரிது,
முனையிலேயே நின்றால் சிறிது.
முனகிக்கொண்டு போகிற ஒன்றை
எடுக்க ஒரு மணி நேரம்.
கை மூன்று நாள் மணத்தது.

உடம்புக்கு ஒரு பியட்டின் சோலெக்ஸ்.
"ஜாதி ஒண்ணுதாம்மா, கால்தான் அகலம்.
தானா உக்காராது. உக்கார வைக்கணும்."
எந்த பியட்டு என்று கேட்டேன்.
அவர் டீக்குக் குரல் கொடுத்தார்.
ஆயிரத்து எண்ணூறு,
ஆயிரத்து முந்நூற்று ஐம்பதுக்கு வந்தது.

மிதவையைக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் பேசியது.
வெந்நீரில் அமுக்கினேன்,
குமிழ் கிளம்பிய இடத்தில் ஒரு பொட்டு ஈயம்.
ஒரு பொட்டுதான். இரண்டு வைத்தால்
மிதக்க மறந்துவிடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத்துக்கு முன்னால் வளர்மதி.
அரை இஞ்சு அலுமினியத் தகடு,
மேலே பியட்டுக்கு இரண்டு துளை,
கீழே ஹெரால்டுக்கு இரண்டு துளை.
"ரெண்டு சம்பந்திக்கும் நடுவுல
உக்கார்ற வேலைக்கா இது.
ஒரு பக்கம் லூசாச்சுன்னா காத்து இழுக்கும்."
கூலி அறுநூறு. பேரம் இல்லை.

கேஸ்கட்டுக்கு அச்சு எடுக்க
கையில் கிடைத்தது பெலிக்ஸ் மகளின் கல்யாணப் பத்திரிகை.
தபாலில் வந்தது, மாடியிலிருந்து.
விளிம்பில் வைத்துச் சுத்தியால் தட்டத் தட்ட
கோடு விழுந்தது.
'உற்றார் உறவினருடன்' என்ற வரி
சரியாகத் துளைக்குள் போய்விட்டது.

ஆக்சிலேட்டர் கம்பி தப்பான பக்கம்.
சைக்கிள் பிரேக் ஒயர் போட்டு,
ஒரு ஸ்பிரிங்கை வளைத்து மாட்டி,
பிறகு அது கழன்று சாக்கடையில் விழுந்து,
இன்னொன்றை வாங்கி.

நேற்று சாயங்காலம் செல்ஃப் அடித்தேன்.
ஒரு வெடி.
பக்கத்து வீட்டு ஷீலா
கொடியிலிருந்த போர்வையை அள்ளிக்கொண்டு ஓடினாள்.
இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது,
பிடித்ததும் இருமியது,
கறுப்பாய்ப் புகைந்தது,
காலை எடுத்தால் சாகப் பார்த்தது.
ஸ்க்ரூடிரைவரும் கையுமாகக் குனிந்திருந்தேன்.

மாடி ஜன்னல் திறந்த சத்தம்.

"ரிச்சா ஓடுது.
அரை சுத்து உள்ள விடு."

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்.
பழைய கார்ப்பரேட்டர் அவன் கட்டிலுக்கடியில்
செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கும்.
அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
நிமிரவும் இல்லை.

கால் சுற்று விட்டேன்.
இருமல் நின்றது.
அயனாவரத்துத் தெருவில் அவ்வளவு சன்னமாக
ஒரு எஞ்சின் நின்ற இடத்தில் ஓடியது.

இன்னொரு கால் சுற்று விட்டால்
இன்னும் நன்றாக இருக்கும்.
தெரியும்.
அவன் ஜன்னலை மூடட்டும் என்று
காத்துக்கொண்டிருந்தேன்.
அவன் மூடவில்லை.